ஒரே குரலில் எல்லோரும்

இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் அயல்நாட்டுத் தொடர் ஓடினால், அதில் வரும் நாயகன், வில்லன், பச்சைக் குழந்தைக்காரி, சாகக் கிடக்கும் கிழவர் என்று எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்தான் பேசுவாள். பேசுவாள் என்பதுகூடச் சரியில்லை, வாசிப்பாள். அசல் குரல்கள் அடியில் மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவற்றின் மேல் இவள் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுவதுபோல, வியட்நாமிய மொழியில் சொல்லிக்கொண்டே போவாள். இதற்கு இங்கே துயெத் மின் என்று பெயர். சைகோனுக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய அக்கிரமமாகப் பட்டது. கொலைகாரன் கத்தியை ஓங்கும்போதும் அதே குரல், காதலன் காலில் விழும்போதும் அதே குரல். பின்னாளில் அப்படியொரு குரல் என் வீட்டிலேயே குடியிருந்தது. என் மனைவியின் குரல். இப்போது அது இல்லை. தொண்டையில் புற்று வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். போன குரலைப் பிடித்து வைக்க நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் டிவியைப் பற்றியும் விளையாட்டுகளைப் பற்றியும் என் அபிப்பிராயங்கள் வரும். அவற்றை விட்டுவிட்டு இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் காரைக்கால்காரன். டான் சோன் நாட் விமான நிலையத்தில், சரக்குக் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்தேன். வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். என்னோடு வந்த நம்மவர்கள் பலர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தாவோ தியெனில், லிஃப்ட் வைத்த கட்டடங்களில் குடியேறினார்கள். நாங்கள் கான் ஹொய்யில், பழைய துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு பிடித்தோம். எதிரெதிரே இரண்டு மோட்டார் சைக்கிள் வந்தால் ஒன்று நின்று வழிவிட வேண்டிய சந்து. வாடகை கட்டுப்படியானது என்பது என் காரணம். மீன் புதிதாகக் கிடைக்கிறது என்பது அவள் காரணம். அலுவலகத்தில் எனக்கு ஆங்கிலமே போதுமாக இருந்தது. அவளோ சந்தையில் மீன்காரியோடு மல்லுக்கட்டியே வியட்நாமிய மொழியைப் பிடித்துவிட்டாள். நான் இன்றைக்கும் அந்த மொழியில் நன்றி சொல்வேன், வழி கேட்பேன். வழி சொன்னால் புரியாது.

ஆகவே சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தால் என் தொல்லை தாங்காது. “என்ன சொல்றான்? அவ ஏன் எழுந்து போறா? இப்ப யாரு செத்தது?” கொஞ்ச நாள் பொறுத்தாள். ஒருநாள் கீரையை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“நடுவுல நடுவுல கேட்டா எனக்கும் கதை போவுது, உங்களுக்கும் போவுது. சும்மா பாருங்க. நான் சொல்லிக்கிட்டே வர்றேன்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துயெத் மின்னுக்கு மேல் இன்னொரு துயெத் மின். இந்தியாவிலிருந்து நெடுந்தொடர்கள் இங்கே வந்து சக்கைப்போடு போட்ட காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. இந்தியில் அழத் தொடங்கும் மருமகள் வியட்நாமிய மொழியில் அழுது, எங்கள் கூடத்தில் தமிழில் அழுது முடிப்பாள். ஆனால் என் மனைவி ஒருமுறைகூட அழுகையைக் காட்டியதில்லை. அந்த டிவிப் பெண் எப்படி வாசித்தாளோ அப்படியே இவளும் சொல்வாள். “என் பிள்ளையைக் கொன்னுட்டீங்களே. இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்பதை, பால்காரன் வரவில்லை என்று சொல்லும் குரலில் சொல்வாள். கொஞ்சம் உணர்ச்சியோடு சொல்லேன் என்று ஒருநாள் கேட்டேன்.

“அழுவுறது அவ வேலைங்க. சொல்றது என் வேலை. நானும் அழுதா அவளை யாரு பாப்பா?”

டிவியைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களிலேயே இதுதான் பெரிது. அதன் பிறகு குரல் மாற்றி டப்பிங் செய்த படங்கள் எனக்குப் பிடிக்காமல் போயின. நடிகனின் வாயை யாரோ வாடகைக்கு எடுத்த மாதிரி இருக்கும். துயெத் மின்னில் அப்படி இல்லை. அழுகிறவளின் அசல் அழுகை அடியில் கேட்கும். அர்த்தத்தை மட்டும் ஒருத்தி பக்கத்தில் நின்று, குறுக்கே விழாமல், எடுத்துக் கொடுப்பாள். மீதியை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தவை மெதுவான தொடர்கள். சின்ன ஊர், ஒரு பிணம், விசாரிக்க வரும் தூக்கம் கெட்ட அதிகாரி. குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகும் கதை கொஞ்ச நேரம் ஓட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் முழுத் தொடரையும் பார்ப்பேன். செத்தவனின் வீட்டில் அடுத்த நாள் யார் உலை வைத்தார்கள் என்பதைக் காட்டாத துப்பறியும் கதை எனக்கு அரைக் கதை. சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்தே அனுப்பும் தொடர்களைக் கண்டால் எழுந்து போய்விடுவேன். எங்கே சிரிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவளுக்குச் சீன அரண்மனைக் கதைகள். விதவிதமான கொண்டையோடு ஒரு கூட்டம் ராணிகள், ஒருத்தியின் தேநீரில் இன்னொருத்தி விஷம் கலப்பாள். யார் யாரென்று எனக்குக் கடைசிவரை பிடிபடாது. அத்தனை ராணிகளுக்கும் அவள் ஒருத்தியே சலிக்காமல் பேசுவாள். எங்கள் ஒரே மகள் கூடத்து மூலையில் மடக்கு மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பது உத்தரவு. அதனால் அவள் ஒரு தொடரையும் பார்த்ததில்லை, எல்லாத் தொடரையும் கேட்டிருக்கிறாள்.

மகள் படிக்கச் சென்னைக்குப் போனாள், வேலையும் அங்கேயே கிடைத்தது. அவள் விட்டுப்போன வீடியோ விளையாட்டுப் பெட்டி டிவிக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. பொழுது போகாமல் நான் அதை எடுத்தேன். விளையாட்டு என்றால் ஓடுவது, சுடுவது என்றுதான் நினைத்திருந்தேன். கதை விளையாட்டுகள் இருப்பது அந்த வயதில்தான் தெரிந்தது. ஒரு ஆளாக நாம் அந்த ஊருக்குள் நடக்கிறோம், வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். எதிரில் நிற்பவர் ஏதாவது கேட்டால் பதில் என்னவென்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். டிவியில் தப்புச் செய்கிறவனைத் திட்டலாம். இதில் தப்புச் செய்கிறவன் நான்தான். அந்தச் சங்கடம் எனக்குப் பிடித்திருந்தது.

தொல்லை என்னவென்றால் தூரத்தில் இருப்பதற்கு எனக்குக் கண் மட்டம். அடியில் ஓடும் எழுத்துகள் எறும்புபோல இருக்கும். ஆகவே அவள் மறுபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காரைக்காலில் பி.காம். படித்தவள், ஆங்கில எழுத்தைப் பார்த்து மளமளவென்று தமிழில் சொல்லிவிடுவாள். வேலைப் பிரிவினை இதுதான்: நடப்பது நான், சொல்வது அவள், முடிவெடுப்பதும் அவள். வெள்ளம் சூழ்ந்த ஊரில் ஒரு படகோட்டியின் கதையை நெடுநாள் ஆடினோம். படகில் இடம் கொஞ்சம், கரையில் ஆட்கள் அதிகம். யாரை ஏற்றுவது என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். பதில் சொல்ல நேரக்கெடு வைத்து, ஒரு கோடு சுருங்கிக்கொண்டே வரும். எனக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே ஆத்திரம் வரும். நிஜ வாழ்க்கையில் முடிவெடுக்க இத்தனை அவசரப்படுத்துகிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன். அவளுக்கு வேறு புகார்.

“யாரை ஏத்துனாலும் கடைசியில இவன் அதே ஆத்துலதான் வுழுறான். அப்பறம் எதுக்கு நம்மளக் கேக்குறான்?”

அதற்குப் பதிலை இப்போது சொல்வேன். நல்ல கதை விளையாட்டு முடிவை மாற்றிக்கொடுப்பதில்லை. போகும் வழியில் யார் யார் பக்கத்தில் இருக்கலாம் என்பதை மட்டும் நம்மிடம் விடுகிறது. அதுவே பெரிய சலுகை என்று இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது பைத்தியம் எனக்கு மட்டும் உள்ளது. இனி உலகம் எப்படி இருக்கும் என்று சொல்லும் புத்தகங்கள். பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்குவேன். அவற்றில் ஒரு குறை. எழுதுகிறவர்கள் எல்லோரும் நகரங்களைப் பற்றியும் இயந்திரங்களைப் பற்றியும் எழுதுவார்கள். வீடு என்று ஒன்று அந்த எதிர்காலத்தில் இருக்காது. இருந்தாலும் அதில் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுகிறவனும் அதற்குக் கத்துகிறவளும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் விடமாட்டேன், எல்லாவற்றையும் படிப்பேன். எந்த மொழியில் யார் பேசினாலும் உடனே நம் மொழியில் காதுக்குள் சொல்லும் கருவி வரப்போகிறது என்று ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு அவளைச் சீண்டினேன்.

“இன்னும் கொஞ்ச வருஷத்துல உன் வேலை போயிடும்.”

“போவட்டும். நான் நிம்மதியா காலை நீட்டிப் படுப்பேன்.”

அந்த வருட மழைக்காலத்தில் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. சந்தையில் கத்தியதால் என்றாள், இஞ்சித் தண்ணீர் குடித்தாள். மழை விட்டும் தொண்டை விடவில்லை. மருத்துவமனைக்குப் போனோம், படம் எடுத்தார்கள், சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு சொல்லும் நாளில் மருத்துவர் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார். நிதானமான மனிதர். வியட்நாமிய மொழியில் பேசினார். நான் வழக்கம்போல என் மனைவியின் பக்கம் காதைத் திருப்பினேன். அவள் சொல்லத் தொடங்கினாள்.

“கட்டி குரல்வளையில இருக்குங்கிறாரு. மருந்து மட்டும் போதாதுங்கிறாரு. குரல்வளைய முழுசா எடுத்துட்டா பொழைச்சுக்கலாம். கழுத்துல ஒரு ஓட்டை போடுவாங்க, அது வழியாத்தான் மூச்சு. சாப்பிடலாம். நடக்கலாம். பேச்சு வராது.”

அவர் ஒரு வாக்கியம் சொல்லச் சொல்ல, இவள் ஒரு வாக்கியம் தமிழில். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நானும் டிவித் தொடருக்குத் தலையாட்டுவதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சை நிறுத்திய பிறகுதான், இவள் யாரைப் பற்றிச் சொன்னாள் என்பது எனக்கு உறைத்தது. மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். மருத்துவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் அதையும் சொன்னாள்:

“உங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேக்குறாரு.”

அன்று சாயங்காலம் மகளுக்குச் சொன்னோம். அவள் அழுதாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலையில் இறங்கினாள். அவள் மென்பொருள் துறையில் இருக்கிறாள். ஒருவர் பேசுவதைப் போதுமான அளவு பதிவு செய்து கொடுத்தால், பிறகு எதைத் தட்டச்சு செய்தாலும் அதே குரலில் பேசும்படி செய்யலாம் என்றாள். “ஆபரேஷனுக்கு முன்னாடி ரெக்கார்ட் பண்ணிடணும்பா. கரகரப்பைக் கொஞ்சம் சரி பண்ணிடலாம். வாக்கியம் எல்லாம் நான் அனுப்பறேன். அம்மா பேசினாப் போதும்.”

என் புத்தகங்கள் சொன்ன நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய துக்கத்துக்கு நடுவிலும் ஒரு சின்னப் பெருமை இருந்தது. நான் முன்பே சொன்னேனே என்கிற பெருமை. குரல் போகப்போவதில்லை, இடம்தான் மாறப்போகிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பதிவுக்குச் சமையலறையைத் தேர்ந்தெடுத்தோம், அதில்தான் சந்துச் சத்தம் குறைவு. சன்னலைச் சாத்தி மெத்தையைச் சார்த்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். வியர்த்து ஊற்றும். அவள் இஞ்சித் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மகள் அனுப்பிய வாக்கியங்களைப் பார்த்துப் படிப்பாள். நான் போனைப் பிடித்துக்கொண்டிருப்பேன். “நாளைக்கு மழை வருமா.” “கதவைச் சாத்திட்டு வா.” “எனக்கு உன்மேல கோவம்.” “எவ்வளவு நாளாச்சு பாத்து.” ஒரு சொல் தடுமாறினால் முதலிலிருந்து படிப்பாள். மெனக்கெட்டுச் செய்தாள்.

“தெளிவா இருக்கா?” என்று கேட்பாள்.

“ரொம்பத் தெளிவு,” என்பேன்.

பல நாள் இப்படிப் போயிற்று. கோபமும் கேள்வியும் ஏக்கமும் எல்லாம் ஒரே தட்டையான குரலில் வந்துகொண்டிருந்தன. அது எனக்கு உறுத்தவே இல்லை. எழுத்தைப் பார்த்து ஒருவர் சொல்வதென்றால் அப்படித்தான் சொல்வார்கள் என்று எங்கள் வீட்டில் இருவருக்கும் ஊறிப்போயிருந்தது. வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. யாராவது ஒருவர், இதென்ன செய்தி வாசிப்பா என்று கேட்டிருப்பார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அங்கே வருகிறவர்களில் பாதிக்குமேல் வியட்நாமியப் பெண்கள். சன்னதிக்குப் பின்புறக் கற்சுவரில் முகத்தை ஒட்டி வைத்து, வேண்டுதலைச் சுவருக்குள் முணுமுணுப்பார்கள். இத்தனை வருடத்தில் இவள் அதைச் செய்ததில்லை. நம்ம ஊரில் அப்படி வழக்கமில்லை என்பாள். அன்று அவர்களோடு வரிசையில் நின்று, நெற்றியைக் கல்லில் வைத்து வெகுநேரம் பேசினாள். என்ன கேட்டாய் என்று கேட்டேன்.

“ஒண்ணும் கேக்கல. பேசிட்டு வந்தேன். அப்பறம் பேச முடியாதுல்ல.”

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கழுத்தில் துளையோடும் குழாயோடும் வீட்டுக்கு வந்தாள். எதிர்வீட்டு வியட்நாமிய அம்மாள் கஞ்சி கொண்டுவந்து, இவளுக்குக் காது கேட்காது என்பதுபோல உரக்கக் கத்திப் பேசினாள். இவள் காதைத் தொட்டுக் காட்டி, கையசைத்துச் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. காற்று கழுத்து வழியாக வந்தது. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி ஒன்றை மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். அவள் ஒருமுறை முயன்று பார்த்தாள். ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோ மாதிரி கரகரத்தது. அதை அலமாரியில் வைத்துவிட்டாள்.

மகள் குரலை அனுப்பினாள். ஒரு பலகைக் கணினி வாங்கி அதில் போட்டோம். முதலில் தட்டச்சு செய்தது நான்தான். அவள் வாயிலிருந்து எதைக் கேட்க எனக்கு அத்தனை ஆசையோ அதையே எழுதினேன்: “ஏங்க, ஈரத்துண்டைக் கட்டில்மேல போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?”

அது பேசியது. சந்தேகமே இல்லை, அவள் குரல்தான். கரகரப்புகூட இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் கோபம் இல்லை. கட்டில் இல்லை, துண்டு இல்லை, நானும் இல்லை. ஏதோ ஒரு தொடரில், ஏதோ ஒரு மனைவி, ஏதோ ஒரு புருஷனிடம் சொன்னதை என் மனைவி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்வதுபோல இருந்தது. முதலில் சிரித்துவிட்டேன். பிறகு தாங்க முடியவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் அதே மரியாதையான, குறுக்கே விழாத குரல். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வேறு பதிவு ஏதாவது கிடைத்தால் திருத்தலாம் என்று மகளைக் கேட்டேன். அவளிடம் அம்மா அனுப்பிய குரல் செய்திகள் இருந்தன, சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று. எல்லாம் குட்டிக் குட்டியாக, போதாது. என் போனைத் துழாவினேன். ஒன்றுகூட இல்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் குரலை அனுப்பிக்கொள்வதில்லை. அவள் என்னைத் திட்டிய திட்டு முழுவதும் காற்றோடு போய்விட்டது. மகளிடம் சத்தம் போட்டேன். “இது உங்கம்மா இல்ல. டிவிக்காரி. நீ முன்னாடியே கேட்டுச் சொல்லியிருக்க வேணாமா?”

அவள் மெதுவாகச் சொன்னாள். “அப்பா, எனக்கு இதுதான் அம்மா. நான் வீட்டுப்பாடம் எழுதறப்ப முதுகுக்குப் பின்னால கேட்டுக்கிட்டே இருந்தது இந்தக் குரல்தான். இதைக் கேட்டா நான் இப்பவும் அந்த மேசையில உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. இதைப் போய் எப்படித் தப்புன்னு எனக்குத் தோணும்?”

அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி பலகைக் கணினியை மடியில் வைத்துத் தட்டுவாள், அது பேசும், சென்னையில் மகள் பதில் சொல்வாள். மணிக்கணக்கில் போகும். ஆனால் போனை வைத்ததும் கணினியையும் மூடிவிடுவாள். என்னோடு அதில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கூப்பிட வேண்டுமானால் கரண்டியால் சமையல் மேடையைத் தட்டுவாள், நான் திரும்பினால் வாயசைப்பாள். பாதி எனக்குப் புரியாது. “அதுல எழுதேன்” என்று கணினியைக் கொண்டுபோய் முன்னால் வைப்பேன். மீன் பொரிக்கும் எண்ணெய் தெறிக்கும் என்று எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள். வைக்கும் வேகத்திலேயே கோபம் தெரியும்.

எனக்கும் கோபம் வந்தது. டிவி பார்ப்பதை நிறுத்தினோம், படகோட்டியை ஆற்று நடுவில் அப்படியே விட்டுவிட்டோம். பிறகு வீம்புக்கு ஒருநாள், வியட்நாமிய மொழியைக் கேட்டு உடனே தமிழில் எழுத்தாகக் காட்டும் செயலியைப் போனில் ஏற்றி, டிவி முன்னால் தனியாக உட்கார்ந்தேன். தப்பும் தவறுமாக இருந்தாலும் வேலை செய்தது. யார் யாருக்கு விஷம் வைத்தாள் என்று முதல்முறையாக எனக்கே புரிந்தது. என் புத்தகங்கள் சொன்னது அத்தனையும் பலித்துவிட்டது. பாதியில் அணைத்துவிட்டு எழுந்தேன். கதை தெரிந்து எனக்கு என்ன ஆகவேண்டும்? கதைக்காகவா நான் அத்தனை வருடம் அங்கே உட்கார்ந்திருந்தேன்?

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகளோடு பேசி முடித்துக் கணினியை மூடிவிட்டு, சமையலறையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல மழை, சந்தில் வண்டிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம். நான் வாசலில் நின்றேன். சண்டைக்குத்தான் வந்தேன், ஆனால் சண்டைபோல வரவில்லை.

“அவகிட்ட மட்டும் அதுல பேசுற. என்கிட்ட ஏன் பேச மாட்டேங்கிற? எனக்கும் அது ஒண்ணுதான மிச்சம்?”

கையைக் கழுவினாள். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து நின்று வாயசைத்தாள். புரியவில்லை என்றேன். மறுபடி, மெதுவாக அசைத்தாள். சரியா என்று அவள் தலையசைப்பைப் பார்க்க, எனக்குப் புரிந்ததைப் புரிந்த மட்டும் வாய்விட்டுச் சொல்லிப்பார்த்தேன்.

“அவ… தூரத்துல இருக்கா.”

ஆமாம் என்று தலையசைத்தாள்.

“அவளுக்குக் குரல் வேணும்.”

ஆமாம்.

அடுத்ததைத் தப்பாகச் சொன்னேன். இல்லையென்று தலையாட்டினாள். மறுபடியும் தப்பு. இன்னும் ஓர் அடி முன்னால் வந்தாள். அவள் முகத்தை இத்தனை பக்கத்தில் வைத்து, இத்தனை நேரம், நான் எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மேலுதட்டில் வியர்வை. சலிக்காமல் அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்ப அசைத்தாள்.

“உங்களுக்கு எதுக்கு?” என்றேன்.

ஆமாம்.

கடைசியாக ஒன்று சொன்னாள். அது ஒரே தடவையில் புரிந்துவிட்டது. நான் வாய்விட்டுச் சொல்லட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“நான்தான் இங்க இருக்கேனே.”

சரி என்று தலையசைத்துவிட்டு, மிச்சமிருந்த இறாலை உரிக்கப் போனாள்.